புறப்படும் முன் அளந்து பார்

சிறிய விமானம் ஒன்றின் இயந்திரம் நடுவானில் நின்றுபோனது என்று கேட்டால், ஏதேனும் ஓர் உறுப்பு உடைந்திருக்கும் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். விமானி உரிமத்திற்கான பயிற்சி பெற அமெரிக்கா செல்ல வேண்டும் என்று எங்கள் இளைய மகன் விருப்பம் தெரிவித்தபோது, பெற்றோராகிய நாங்கள் இருவரும் அஞ்சியதும் அதைத்தான். அனுமதிப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் முன், விபத்துகளைப் பற்றி விசாரணையாளர்கள் எழுதியவற்றைச் சில வாரங்கள் தேடிப் படித்தோம். படித்து முடித்தபோது எங்கள் அச்சம் தீரவில்லை. ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் கணக்குப்படி, 2011 முதல் 2015 வரை, எரிபொருளைச் சரிவரக் கையாளாததால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் நேர்ந்தன. அவற்றுள் 56 விழுக்காடு, எரிபொருள் முற்றிலும் தீர்ந்துபோனதால் நிகழ்ந்தவை. 35 விழுக்காட்டில் விமானத்தில் எரிபொருள் இருந்தது; இயந்திரத்திற்குத்தான் அது போய்ச் சேரவில்லை. இவ்விபத்துகளில் சிக்கிய விமானிகளில் மாணவர்கள் 2 விழுக்காட்டினரே. ஏறத்தாழப் பாதிப் பேர் வணிக விமானிக்குரிய உரிமமோ அதற்கும் மேற்பட்ட உரிமமோ பெற்றவர்கள்.

இருந்தும் சேராமல் போவது எவ்வாறு? பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி திக்கித் திணறும்போது, குனியாமலேயே கையை நீட்டி, பெட்ரோல் திருகை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புவோம். சிறிய விமானத்திலும் இத்தகைய திருகு உண்டு. இறக்கைக்கு ஒன்றாக இரு தொட்டிகள் இருக்கும். செஸ்னா 172 போன்று இறக்கை மேலே அமைந்த விமானத்தில் இரண்டிலிருந்தும் ஒருசேர எரிபொருள் இறங்கும்படி வைக்கலாம். பைப்பர் செரோக்கி போன்று இறக்கை கீழே அமைந்தவற்றில் அவ்வசதி இல்லை. விமானிதான் நேரம் பார்த்துத் தொட்டியை மாற்ற வேண்டும். மறந்தால், ஒரு தொட்டி நிறைந்திருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். சாலையில் வண்டியை ஓரங்கட்டலாம். வானில் 1,000 அடி உயரத்தில் இயந்திரம் நின்றால், இறங்க இடம் தேடக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே.

1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து உயிரிழந்த பாடகர் ஜான் டென்வர், 2,700 மணி நேரத்திற்கும் மேல் பறந்தவர். எனினும் அன்று அவர் ஓட்டிய லாங்-ஈஸி வகை விமானம் அவருக்குப் புதியது. தொழிற்சாலையில் செய்யப்படாமல், தனிமனிதர் ஒருவரால் கட்டப்பட்டது. மூல வடிவமைப்பின்படி விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டிய திருகு, அதில் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. எரிபொருளின் அளவைக் காட்டும் கண்ணாடிகளும் பின்புறமே இருந்தன. அவற்றில் குறியீடுகள் இல்லை. திருகு கைக்கு எட்டாததைப் பற்றிப் பராமரிப்புப் பணியாளரிடம் அவர் முன்னரே பேசியிருந்தார். எரிபொருள் நிரப்பலாமா என்று கேட்கப்பட்டபோது, ஏறத்தாழ ஒரு மணி நேரமே பறக்கப்போவதாகக் கூறி மறுத்துவிட்டார். திருகைத் தேடித் திரும்புகையில் அறியாமலே வலக்கால் மிதியை அழுத்த, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று வாரியம் முடிவு செய்தது. எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டதையும் விபத்தின் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவற்றைத் தடுப்பதற்கான வழிகள் மிக எளியவை. புறப்படும் முன் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுக் கண்ணால் பார்த்தல். அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்பாதிருத்தல். அடியில் தண்ணீர் கலந்துள்ளதா என்று சிறிது வடித்துச் சோதித்தல். கண்ணால் பார்த்துப் பறக்கும் பயணத்தில், சேருமிடத்தை அடைந்த பின்னும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருள் இருக்கும்படி திட்டமிட்டே புறப்பட வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம்.

எங்களை உறங்கவிடாத செய்தி வேறொன்று. 1990 ஜனவரி 25 அன்று, பொகோட்டாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியான்கா 52 எரிபொருள் தீர்ந்து விழுந்து, 158 பேரில் 73 பேர் இறந்தனர். அது பெரிய பயணிகள் விமானம். முன்னுரிமை வேண்டும் என்று அதன் விமானிகள் கேட்டார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்கள். ‘அவசர நிலை’ என்ற சொல்லை மட்டும் கடைசிவரை அவர்கள் கூறவில்லை.

எங்கள் மகனின் இயல்பை அறிந்தவர்களுக்கு எங்கள் கலக்கம் புரியும். விருந்தில் சோறு போதாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்காதவன். பெரியவர்களை மறுத்துப் பேசாதவன். வீட்டில் அது நல்ல பண்புதான். விமானி இருக்கையில்?

அவனை அழைத்து அவனுடைய உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “சொல்லித் தருகிறவரே போதும் என்றாலும், எண்ணெய் போதாது, நான் ஏற மாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வருமா?”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் இரவு உணவுக்குப் பின் வந்து, “வாப்பா, அப்படிச் சொல்வது எனக்குக் கடினம்தான். ஆனால் சொல்லிப் பழகுவேன்” என்றான். “கண்டிப்பாகச் சொல்வேன்” என்று அவன் அப்பொழுதே சொல்லியிருந்தால் நாங்கள் தயங்கியிருப்போம். கடினம் என்று ஒப்புக்கொண்டதால் அனுமதித்தோம்.

அவனுக்காகத் துஆச் செய்வது எங்கள் பங்கு. தொட்டியை அளந்து பார்ப்பது அவன் பங்கு. விமானமோ, லாரியோ, கடலில் செல்லும் விசைப்படகோ, பிறர் உயிரைச் சுமக்கும் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. பணிவைக் கற்றுத் தருகிற நாம், ‘போதாது’ என்று உரக்கச் சொல்லவும் அவர்களுக்குக் கற்றுத் தருவோம்.