13,900 கிலோமீட்டரும் ஒரு கெண்டைக்காலும்

பல்லாவரத்துக்காரங்களுக்கு விமானம் அதிசயம் இல்ல. ஓபி பார்க்கும்போதே தலைக்கு மேல போகும். சத்தம் அடங்கினப்புறம்தான் ஸ்டெத்தை வைப்பேன். அப்படி ஒரு விமானத்துல வந்து இறங்கின அம்மாவைப் பத்தின இழை இது.

வயசு அறுபதுக்கு மேல. மகள் பிரசவத்துக்காக சான் பிரான்சிஸ்கோ போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்தவங்க. (பொண்ணு அமெரிக்கால, அம்மா அரசு ஆஸ்பத்திரிலயான்னு கேக்காதீங்க. நிறைய பேர் நம்ம வரிசையிலதான் நிக்கிறாங்க.) ஊர் திரும்பின ஒன்பதாம் நாள் இடது கால் மட்டும் வீங்கிடுச்சு. பக்கத்து வீட்டுல யானைக்கால்னு சொல்ல, மூணு நாள் விளக்கெண்ணெய் போட்டு நீவியிருக்காங்க. கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. டாப்ளர் ஸ்கேன்ல ஆழ்சிரையில ரத்தக்கட்டி. நீவுறப்ப அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா, அவங்க ஓபிக்கு நடந்து வந்திருக்க மாட்டாங்க.

தூரத்தைப் பாருங்க. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். (சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், எதிர்த்திசையில.) லண்டன் 8,200. சான் பிரான்சிஸ்கோ 13,900. இவங்க துபாய் வழியா வந்தவங்க. சான் பிரான்சிஸ்கோ - துபாய் மட்டுமே சுமார் 13,000 கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல.

பாரிஸ் விமான நிலையத்துல இறங்கின பயணிகளை வச்சு ஒரு ஆய்வு 2001-ல வந்துச்சு. நுரையீரல்ல கட்டி அடைச்சு தீவிரமா பாதிக்கப்பட்டவங்க, 5,000 கிலோமீட்டருக்குக் கீழே பறந்தவங்கள்ல பத்து கோடிக்கு ஒருத்தர். 10,000-க்கு மேலே பறந்தவங்கள்ல பத்து லட்சத்துக்கு 4.8 பேர். அபூர்வம்தான், ஆனா தூரம் கூடக்கூட ஏறுது.

விமானம்னு மட்டும் இல்ல. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்தா பஸ், ரயில், கார் எல்லாத்துலயும் ரத்தக்கட்டி அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல சொன்னது. அப்பவும் சுமார் 6,000 பேர்ல ஒருத்தருக்குத்தான். கால்ல இருக்கிற ரத்தத்தை மேலே தள்ளுறது கெண்டைக்கால் தசை. நடந்தாத்தான் அந்த பம்பு ஓடும். இறங்கின பிறகும் சில வாரங்களுக்கு இந்த அபாயம் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினா, திடீர்னு மூச்சு வாங்கினா, "எப்போ பயணம் போனேன்"ங்கிறதை டாக்டர் கேக்காட்டியும் நீங்க சொல்லுங்க.

"ஏம்மா, நடுவுல எழுந்து நடக்கவே இல்லையா?"

"ஜன்னல் சீட்டு தம்பி. பக்கத்துல ரெண்டு ஆம்பளைங்க தூங்குறாங்க, எப்படி எழுப்புறது? பாத்ரூம் போகக் கூடாதுன்னு தண்ணியும் குடிக்கல."

இந்த பதிலை எத்தனை அம்மாக்கள்கிட்ட கேட்டுட்டேன்! டிக்கெட் போடுற பிள்ளைங்களே, நடைபாதை ஓரத்து சீட்டு போடுங்க. நாலு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்க, உட்கார்ந்தபடியே பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க. முன்னாடி ரத்தக்கட்டி வந்தவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, புற்றுநோய் சிகிச்சையில இருக்கறவங்க, கர்ப்பிணிகள் டாக்டரைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. ஆஸ்பிரினை நீங்களா போட்டுக்காதீங்க.

மூணு மாசம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாங்க. போன வாரம் வந்தப்போ வீக்கம் வடிஞ்சிருந்துச்சு. பேரனுக்கு முதல் பிறந்தநாளாம், மறுபடி போகணுமாம். "ஓரத்து சீட்டுதான் வேணும்னு சொல்லிட்டேன் தம்பி, காசு கூடக் கேக்குறாங்களாம்"னாங்க.