காழியிற் கொண்டல்

சீகாழிப் பதியின் பன்னிரு திருப்பெயர்களுள் தோணிபுரம் என்பதும் ஒன்று. ஊழிவெள்ளத்தே உலகெலாம் அழுந்த, இறைவன் பிரணவத்தையே தோணியாகக் கொண்டு மிதந்தருளினான் என்பது அதன் காரணம். கட்டுமலையின் இடைத்தளத்தே தோணியப்பர் அம்மையோடு வீற்றிருத்தலை அன்பர்கள் அறிவர்.

அவ்வூரில் உழவும் வழிபாடுமாய் எழுபதாண்டு கழித்த முதியவர் ஒருவர் உளர். நாடோறும் புலரியில் பிரமதீர்த்தத்தில் கைகால் தூய்மைசெய்து வலம்வருபவர், வானத்தை நோக்காது வீடு திரும்புவதில்லை. கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று கோடை, வடக்கினின்று வாடை, தெற்கினின்று தென்றல். மேலாடை பறக்கும் திசைகொண்டே அவர் இன்ன காற்றென்று துணிவர். ஆனி ஆடியிற் கோடைக்காற்று புழுதி வாரி இறைக்கும். காழியில் ஒரு துளியும் வீழாதிருக்கவே, குடகிற் பெய்த மழை காவிரியாய் வந்து வாய்க்கால்களை நிறைக்கும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், அந்நீருக்கும் சூன் 12 என ஒரு நாள் வகுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது முந்தியும் பிந்தியும் வரும்.

ஆவணி புரட்டாசியைக் கார் என நூல்கள் கூறும். காழியிலோ அத்திங்கள்களில் மாலையில் இடியோடு வரும் மழை ஓரிரு நாழிகையில் ஓய்ந்துவிடும். பெருமழை கூதிராகிய ஐப்பசி கார்த்திகையிற்றான் கொண்டலொடு கடலினின்றும் வருவது. தொல்காப்பியர் காரை முல்லைக்கு உரித்தாக்கினார். மருதத்து உழவனுக்கு அது போதாது போலும்!

சுபகிருது ஆண்டு ஐப்பசி 25, அஃதாவது 2022 நவம்பர் 11. அன்று காலை எறும்புகள் முட்டைகளைக் கவ்வித் திண்ணைமேல் ஏறின. தும்பிகள் தாழப் பறந்தன. மழை உண்டென்று முதியவர் கூறினார். எத்துணை என்று கூற எறும்பு வல்லதன்று. மறுநாட் காலை 8.30 மணி வரை, ஒரு நாளில் 44 செண்டிமீட்டர் பெய்துவிட்டது. 122 ஆண்டுகளில் காணாத மழை என்றனர். பருவம் முழுமைக்கும் உரிய மழையில் ஏறக்குறையப் பாதி அது. நட்டுச் சின்னாளே ஆன சம்பாப் பயிர் எங்கும் தெரியவில்லை. வரப்பும் வயலும் வழியும் ஒரே நீர்ப்பரப்பாயின.

முழங்கால் நீரில் நின்ற பேரன் வினவினான்: “தாத்தா, மழை வேண்டி மேகராகக் குறிஞ்சிப் பதிகம் ஓதினீர்களே, இனி நிற்கவேண்டியும் ஓதுவீர்களா?”

முதியவர் நெடுநேரம் வாய்திறந்திலர். பின்னர், “ஒரு ஞாயிற்றின் முன்னே ஒரு தாமரை மலரும், ஒன்று உலரும் என்று பலகாலும் படித்திருக்கிறேன், அப்பா. உலரும் பூவின் பக்கத்தில் நின்று படித்ததில்லை,” என்றார்.

அதற்குமேல் அங்கே பேச்சு நிகழவில்லை. உப்பனாறு கரைதட்டி ஓடியது. தாழ்ந்த நிலமாதலின் நீர் கடல்சேர நாட்கள் பல ஆகும். பயிரின் குருத்து நீருக்குள் நெடுநாள் மூச்சுவிடாது கிடப்பின் அழுகிப்போம். ஆகவே இருவரும் மண்வெட்டி கொண்டு, அண்டை வயலாரொடு கூடி, வடிகால் அடைப்பை வெட்டத் தொடங்கினர். சில நாட்கழித்து மேட்டு வயலிற் பயிர் நுனி தோன்றிற்று. பள்ளத்து வயலில் சேறே எஞ்சியது. மறுநடவுக்கு நாற்றுத் தேடி, திருநீறணிந்த நெற்றியோடு முதியவர் புள்ளிருக்குவேளூர் வழியே மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அன்றும் கொண்டலே வீசியது.