சப்பான்காரன் குண்டு போட்ட வருசம்

எங்க ஆச்சிக்கு இங்கிலீஷ் வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. பெரிய அத்தை எப்போ பிறந்தாங்கன்னு கேட்டா, "சப்பான்காரன் குண்டு போட்டான்னு உங்க தாத்தா கொழும்புக் கடையப் பூட்டிட்டு ஓடி வந்தாவல்லா, அந்த வருசம்ல" என்பாள். அதாவது 1942.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடி வழியாக ஊர் திரும்பிய கூட்டத்தில் தாத்தாவும் ஒருவர். அடுத்தது நாமதான் என்று பயந்து மெட்ராஸிலும் ஜனங்கள் ஊரைக் காலி பண்ணினார்கள்.

நாலு நாள் கழித்து, 9-ஆம் தேதி, ஜப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. முன்கூட்டியே தகவல் கிடைத்து, பிரிட்டிஷ்காரன் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தான். அப்படிப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் திரும்பி வரும்போது மட்டக்களப்புப் பக்கம் மாட்டிக்கொண்டது. கொடுமை என்னன்னா, அந்த நேரம் அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்துப் போனார்கள். அதே நாள், அதே கரையோரம், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது.

2023-ல் நான் கல்குடா போனது இந்த எண்ணெய்க் கப்பலைப் பார்க்கத்தான். "ஹெர்மிஸைப் பார்த்தியா?" என்று கேட்காத ஆளில்லை. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கு மக்கா. என் சர்டிபிகேட்டுக்கு 30-தான் எல்லை. பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடப்பது 24 மீட்டரில்.

முதல் நாள் அதுவும் நடக்கவில்லை. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் படிச்ச பயல் என்ற திமிரோடுதான் இறங்கினேன். கயிற்றைப் பிடித்து ஆறு மீட்டர் போவதற்குள் இடது காதில் ஊசி குத்தின மாதிரி வலி. மூக்கைப் பொத்தி ஊதினேன், மேலே ஏறினேன், மறுபடி இறங்கினேன். ம்ஹூம். பல்லைக் கடிச்சிட்டுப் போயிரலாமான்னு ஒரு நினைப்பு. கூட வந்த வழிகாட்டித் தம்பி கட்டை விரலை மேலே காட்டிவிட்டான். படகில் நான் உம்மென்று இருப்பதைப் பார்த்து, "காது விடல்லண்டா போகக் கூடாது அண்ணன். எண்பது வருசமா அங்கதானே கிடக்கு, நாளைக்கும் கிடக்கும்" என்றான். பணம் போச்சேன்னு இருந்தது, உண்மையைச் சொல்லணும்ல :)

மறுநாள் காது விட்டது. பாதி தூரம் இறங்கியதும் கீழே ஒரு கருப்பு நிழல். முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். கிட்டே போகப் போக இரும்புத் தகடு, வளைந்த குழாய், கிழிந்து கிடக்கும் வயிற்றுப் பகுதி. கப்பல் ரெண்டு துண்டு. மேலே சீலாக் கூட்டம் அசையாமல் நிற்கிறது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு களவா என்னை முறைக்கிறது. எங்கேயோ உரசி விரலில் ரத்தம், ஆனால் பச்சையாகத் தெரிகிறது! அந்த ஆழத்துக்குச் சிவப்பு வெளிச்சம் வராதாம். படித்திருந்தும் ஒரு நிமிஷம் பதறிப் போனேன்.

மணலில் துருப்பிடித்த போல்ட் ஒன்று கிடந்தது. கை தானாகப் போய்விட்டது. பெரிய அத்தையிடம் கொடுத்து, "நீங்க பிறந்த வருசத்துச் சாமான்"னு சொல்லணும் என்று ஆசை. தம்பி நேரே வந்து மணிக்கட்டைப் பிடித்தான். எடுத்த இடத்திலேயே வைத்தேன். மேலே வந்து மன்னிப்புக் கேட்டதற்குச் சிரித்தான். "வாற எல்லாரும் ஒண்ணொண்ணு எடுத்தா, பிறகு நான் ஆருக்கு எதைக் காட்டுற?"

ஊருக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது வலி, பச்சை ரத்தம், போல்ட் வரைக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு சீலா நின்னுதாலே?"

"ஆமா அத்த."

"ஒண்ணு கூடவா பிடிச்சிட்டு வர முடியல?"