குழல் தெரிந்தெடுத்தல்

நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்திலே காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவில் விளைக்கும் நாசம், கமக்காரனொருவனின் ஒரு போகத்து உழைப்பு முழுவதையும் விழுங்கவல்லது. ஆதலால் வன்னியில் வயல் செய்யும் யாழ்ப்பாணக் குடாநாட்டார் சிலர், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்ற துவக்கை வீட்டில் வைத்திருந்தனர். இரணைமடுக் குளத்தின்கீழ் வயலுடைய என் நண்பரொருவர், தந்தையார் விட்டுச்சென்ற .303 றைபிளுக்குப் புதுக் குழல் தெரிந்தெடுக்கும்பொருட்டு, அறுபதுகளின் பிற்பகுதியில் ஒருநாட் காலை, யாழ்ப்பாண நகரத்து முதிய கொல்லரொருவரின் பட்டறைக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன்.

அனுமதிப் பத்திரத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசித்து, அதிலுள்ள இலக்கத்தைத் துவக்கின் இலக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே அப்பெரியவர் அதைக் கையிலெடுத்தார். நான்காம் இலக்க லீ-என்பீல்ட் அது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் பேர்மிங்காம் நகரத்துப் பாக்கர்-ஹேல் கம்பனியார் மரத்தைக் குறைத்து வேட்டைக்கு உகந்ததாக்கி விற்ற வகை. போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் நோக்கினார்.

“இது சுட்டுத் தேய்ஞ்ச குழல் இல்லைத் தம்பி, கழுவாமல் செத்த குழல்.”

குழலுக்குச் சத்துருக்கள் இரண்டு. ஒன்று வெப்பம்: கரிமருந்துக்கென வகுக்கப்பட்ட ஏழு ஆழமற்ற உட்சுழல் வரிகளோடு 1888இல் வந்த லீ-மெற்போர்ட் துவக்கின் குழல்களை, பின்னர் புகுந்த கோர்டைற் மருந்தின் கடுஞ்சூடு விரைவில் அரித்துவிட்டமையாலேயே, 1895இல் ஆழமான ஐந்து வரிகள் கொண்ட என்பீல்ட் முறை பிறந்தது. மற்றது உப்பு: அக்காலத் தோட்டாக்களின் தீமூட்டும் மருந்து எரிந்தபின் எஞ்சும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து உருக்கைத் தின்னும். எண்ணெய் அதனைக் கரைக்காது, நீரே கரைக்கும். அதனாற்றான் சிப்பாய்கள் சுட்டபின் குழலுக்குட் கொதிநீர் வார்த்தனர். நாற்புறமும் கடற்காற்று வீசும் எங்கள் குடாநாட்டில் இந்த ஒரு காரியத்தைத் தவறவிட்டால், சில நூறு வெடியும் காணாத குழல்கூடக் கெட்டுப்போகும்.

கொழும்பிலிருந்து தருவித்த இரு குழல்களை மேசைமேல் வைத்தார். ஒன்று ஐந்து வரியுடையது, வெளிப்புறம் பளபளப்பானது. மற்றது யுத்தகாலத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டே வரிகளோடு செய்யப்பட்டது. நண்பரின் கை, இயல்பாகவே, பளபளப்பை நாடிச் சென்றது. பெரியவர் மறுத்துரைக்கவில்லை. எண்ணெய் தடவிய மிருதுவான ஈயத் துண்டொன்றை அக்குழலின் வாயில் தட்டி இறக்கி, கோலால் மெல்லத் தள்ளியபடியே நண்பரின் கையையும் அக்கோலின்மேல் வைத்தார். முதலில் இறுக்கமாய்ச் சென்ற ஈயம் நடுவழியில் திடீரெனத் தளர்ந்து வழுக்கியதை அக்கை உணர்ந்தது. இரண்டு வரிக் குழலிலோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான தடை. வெளிவந்த ஈயத்தை மைக்ரோமீற்றரால் அளந்து குறித்துக்கொண்டார். ஐந்து வரிக் குழலில் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு நிற்பதால் இவ்வளவு எளிதாக அளக்கவியலாதென்றும், இரண்டு வரி என்பதால் இலக்குத் தவறாதென்று யுத்தகாலச் சோதனைகளிலேயே தெளிந்ததென்றும் சொன்னார். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றாய் இடஞ்சுழியாக ஓடும் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. 174 கிறெயின் நிறையுள்ள நீண்ட சன்னம் தலைகுப்புறாமல் செல்ல அச்சுழற்சி வேண்டும்.

“அப்ப இண்டைக்கே பூட்டலாமோ, ஆசாரியார்?” என்று நண்பர் அவசரப்பட்டார்.

“பூட்டுறது பெரிய வேலையில்லை. போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலை இடம் கூடினால் பித்தளை கிழியும். துவக்குக்குப் பின்னாலை நிக்கிறது உங்கடை முகமெல்லோ?”

அவ்விடைவெளியைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை இலக்கமிட்ட நால்வகைப் போல்ட் தலைகள் உண்டு. புதுக் குழல் இறுகி, முன்குறி செங்குத்தாய் நின்றபின்னரே எது பொருந்துமென அளந்து தெரியவரும். அதன் பின்னும், மரச்சட்டத்திற் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றால் இழுத்து வெடிக்கவைத்துப் பாராமல் அவர் எந்தத் துவக்கையும் கையளிப்பதில்லை. கச்சேரி எழுதுவினைஞருக்குக் காட்டும் மரியாதையில் நூற்றிலொரு பங்கையேனும் நாம் இத்தகைய ஞானத்துக்குக் காட்டினோமில்லை என்பது என் மனத்தை வருத்தியது. அவருடைய மகன் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் லேத் வேலைக்குப் போய்விட்டார். பட்டறையில் வேறு சீடர் எவருமில்லை.

அடுத்த கிழமை வரச்சொல்லி, நாங்கள் எழுந்தபோது எங்களை நிறுத்தி, தகரத் துண்டொன்றை வெட்டி வளைத்து, தோட்டா அறைக்குள் நுழையத்தக்க நீண்ட மூக்குடைய புனலொன்றைச் செய்து நண்பரிடம் கொடுத்தார். வெடி வைத்த அன்றைக்கே கொதிநீர், அது காய்ந்தபின் எண்ணெய் என்று அவரைச் சொல்லவைத்துக் கேட்டார். புனலுக்குக் காசு வாங்கவில்லை.