மீன்தொட்டிக்கு ஒரு மெல்லிய விடியல்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தனர். கல்லூரிக் கால நினைவுகளைச் சுவைபட உரைக்க எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், தடைப்பெட்டியும் கல்வனோமானியும் கொண்டு பௌதிக ஆய்வுகூடத்தில் பெற்ற சிற்றறிவு, பின்னாளில் ஒரு மீன்தொட்டிக்கு எங்ஙனம் உதவிற்று என்பதையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தலவில என்றதும் அன்னம்மாள் ஆலயத் திருவிழாவே அன்பர்க்கு நினைவில் எழும். அவ்வூரில் எம் இல்லத்துப் பின்விறாந்தையில், எம் மருமகன் ஏஞ்சல் மீன்களை வளர்த்துக் குஞ்சு பொரிப்பித்து விற்று வருகிறான். அம்மீன்கள் நிமிர்த்தி வைத்த ஓட்டுத் துண்டில் வரிசையாக முட்டையிடும். தாயும் தந்தையும் மாறிமாறிச் செட்டையால் நீரை விசிறிக் காக்கும். இத்துணை அன்புடைய பெற்றோர், திடீரென வெருண்டாலோ தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடும்! மீனுக்குக் கண்ணிமை இல்லை என்பதை நினைக்க. இருளில் இருந்த உயிரின்மேல் பேரொளி பாய்ந்தால் அது கண்ணை மூடவும் வழியில்லை.

ஓரிரவு மின் தடைப்பட்டது. ஆளியை அணைக்காமலே வீட்டார் உறங்கினர். நள்ளிரவில் மின் மீண்டு விளக்கு முழு வீச்சில் எரிந்தது. காலையில் ஓட்டுத் துண்டு வெறுமையாய் இருந்தது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனமே எம்மைப் பற்றாசுக் கோலை எடுக்கச் செய்தது.

தொட்டியின் மேலிருந்தது 12 வோல்ற்று எல்.இ.டி. நாடா. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை ஆக்கியமைக்காக அகசாகி, அமனோ, நகமுரா என்னும் மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். அந்நீலத்தின்மேல் மஞ்சட் பூச்சிட்டதே நாம் காணும் வெள்ளொளி. இந்நாடாவில் மும்மூன்று விளக்குகள் ஒரு தடையியோடு தொடராக நிற்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ற்றைக் கொள்ளும். எனவே வோல்ற்றளவைக் குறைத்து ஒளியைத் தணிக்க முயன்றால், 9 வோல்ற்றை அணுகும்போதே ஒளி சரேலென வீழ்ந்து அவிந்துவிடும். இவ்விளக்கைத் தணிக்க ஏற்ற வழி, அதனைக் கண்ணறியா வேகத்தில் எரித்து அணைத்து, எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதாகும்.

அதற்கு 555 என்னும் சில்லு போதும். சுவிற்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சின்ட் 1971இல் வரைந்த இச்சில்லு இன்றும் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது. 1 கிலோ ஓம், 47 கிலோ ஓம் தடையிகளும் 0.01 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியும் சேர்த்தால், அக்கொள்ளளவியின் வோல்ற்றளவு செக்கனுக்கு ஏறத்தாழ 1500 தடவை, 4க்கும் 8க்கும் இடையே அலைபோல் ஏறி இறங்கும். அருகே 2200 மைக்ரோபரட்டுப் பெருங் கொள்ளளவி ஒன்று 100 கிலோ ஓம் தடையி வழியாக மெல்ல நிரம்பும். இவ்விரண்டையும் எல்.எம். 393 என்னும் ஒப்பீட்டுச் சில்லு ஒத்துப் பார்க்கும். பெருங் கொள்ளளவியின் மட்டம் அலைக்கு மேலாக நிற்கும் நேரம் மட்டுமே மொஸ்பெற்றுத் திரான்சிற்றர் திறந்து விளக்கை எரிக்கும். கரையில் நட்ட தடியின் தலை அலையில் அமிழ்ந்தும் தெரிந்தும் நிற்பதை ஒத்தது இது. தடி மெல்ல வளர்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

கணக்கு இனிமையானது. மின் வந்து ஒன்றரை நிமிடம் வரை மட்டம் 4 வோல்ற்றை எட்டாது; தொட்டி இருளிலேயே இருக்கும். அடுத்த இரண்டரை நிமிடத்தில் 8 வோல்ற்றை எட்டி ஒளி நிறையும். கொள்ளளவிக்கு மின் ஊட்டும் இடத்தில் 10 கிலோ ஓம் மாறுந்தடையி ஒன்றை வைத்தோம். அதன் குமிழைத் திருப்பி ஒளி எவ்வளவில் நிற்பதென வகுக்கலாம். முட்டையுள்ள இரவுகளில் நிலவளவு ஒளி விட்டால் பெற்றோர் காவலும் தளராது.

மாணவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மின் போனதும் பெருங் கொள்ளளவி உடனே வெறுமையாதல் வேண்டும். இன்றேல் சிறிது நேரத் தடைக்குப் பின் விளக்கு பழையபடி பாய்ந்தெரியும். கொள்ளளவியிலிருந்து 12 வோல்ற்றுக் கம்பிக்கு ஓர் இருவாயியை இட்டால் தீர்ந்தது. ஐந்து ரூபாப் பொருள்தான், ஆயினும் முட்டைகளைக் காப்பது அதுவே. மின் எப்போது போகும், எப்போது மீளும் என்று யார் அறிவார்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளிலிருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9இல் ஒரு குரங்கால் தீவு முழுதும் இருண்டதையும் கண்டோம்.

உப்புக்காற்று எம்மூரில் செம்பைச் சில மாதங்களிலேயே பச்சையாக்கும். எனவே பற்றாசிட்ட முனைகள் அனைத்தின்மேலும் பெண்கள் நகத்துக்கிடும் பூச்சை இருமுறை பூசினோம். பெட்டியைத் தொட்டியின் மேல் வையாது பக்கச் சுவரில் ஏற்றி, கம்பியைப் பெட்டிக்குக் கீழாக ஒருமுறை தொங்கவிட்டு வளைத்தோம்; கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிலிருந்து நிலத்தில் சொட்டும், பெட்டிக்குள் ஏறாது. 230 வோல்ற்று வழங்கி நீருக்கு எட்டாத் தொலைவில், வீட்டினுள்ளே இருக்கிறது.

சுற்றின் படத்தையும் உதிரிப் பொருட்களையும் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அனுப்பியுள்ளோம். உயர்தர வகுப்பு மாணவர் கட்டிப் பார்க்கலாம்.