எனக்கேற்ற மிதிவண்டி

சென்ற ஆண்டு மாவட்ட மிதிவண்டிப் போட்டியில் நான் கடைசியாக வந்தேன். "வண்டிதான் காரணம்" என்று வீட்டில் அழுதேன். பந்தய வண்டி வாங்கித் தர அப்பா சம்மதித்தார்.

கடையில் கார்பன் சட்டம் கொண்ட வண்டி ஒன்று கண்ணைப் பறித்தது. விலையைக் கேட்டதும் அப்பா பேசாமல் நின்றார். அம்மாதம் அக்காவின் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது.

உடன் வந்த உடற்கல்வி ஆசிரியை, "முதலில் ஏறி உட்கார்" என்றார். ஹாண்டில்பார் எட்டாமல் தோள் வலித்தது. "உடம்புக்குப் பொருந்தாத வண்டி எடை குறைந்திருந்து என்ன பயன்?" என்றார். பிறகு என் அளவில் ஓர் அலுமினிய வண்டியைக் காட்டினார். முன்ஃபோர்க் மட்டும் கார்பன். அது சாலை அதிர்வைச் சற்றுத் தாங்கிக்கொள்ளும். பின்சக்கரத்தில் 9 பற்சக்கரங்கள். மேடுபள்ளத்திற்கேற்ற 28 மில்லிமீட்டர் டயர். எடை 10 கிலோ. உலகப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டிக்கு அனுமதியில்லை. மூன்று கிலோ வித்தியாசத்தைப் பயிற்சியால் ஈடுகட்டலாமே!

அதையே வாங்கினோம். மீதிப் பணத்தில் தலைக்கவசமும் கிடைத்தது. தினமும் விடியற்காலையில் ஓட்டினேன். இவ்வாண்டு எட்டாவதாக வந்தேன்.

தோழியரே, சென்ற ஆண்டு நான் தோற்றதற்கு வண்டி மட்டும் காரணமில்லை. விடியலில் எழாத நானுந்தான்!