ஓட ஒரு எஞ்சின்... நிற்க ஒரு கம்பி!

சான்ஃப்ரான்சிஸ்கோவில் கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நிறுத்தத் தெரியவேண்டும்!

ஊர் அப்படி. பசிபிக் கடலுக்கும் வளைகுடாவுக்கும் நடுவில், சப்பாத்தி மாவை உருட்டி உருட்டி வைத்த மாதிரி குன்றுகள். தெரு போட்ட புண்ணியவான்கள் மேடு, பள்ளம் எதையும் சட்டை செய்யவில்லை. மேப்பில் ஸ்கேலை வைத்து நேராகக் கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டார்கள். விளைவு, ஃபில்பர்ட் தெருவில் ஒரு இடத்தில் சரிவு 31.5 சதவீதம்! அதாவது, 100 அடி முன்னால் போவதற்குள் 31 அடிக்கு மேல் கீழே இறங்கியிருப்பீர்கள். மேல் முனையில் கார் எட்டிப் பார்க்கிற கணத்தில் எதிரே தெருவே தெரியாது. ஆகாயம்தான் தெரியும். குலதெய்வமும் தெரியலாம்.

இந்தத் தெருக்களில் நிற்கிற கார்களைக் கவனியுங்கள். எல்லாம் முன்சக்கரத்தை ஒருபக்கமாக ஒடித்துக்கொண்டு நிற்கும். ஸ்டைல் இல்லை, சட்டம்! சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் சக்கரத்தைத் திருப்பித்தான் நிறுத்தவேண்டும். வண்டி நழுவினால் பிளாட்பார ஓரக்கல்லில் முட்டி நின்றுவிடும். திருப்ப மறந்தால், வண்டி ஒரு அங்குலம்கூட நகராவிட்டாலும் ஃபைன்.

ஊரின் இன்னொரு விசேஷம் கேபிள் கார். 1873-ல் ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர் ஆரம்பித்துவைத்தது. தெருவுக்கு அடியில் இரும்புக் கயிறு ஒன்று மணிக்கு 9.5 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே இருக்கிற வண்டி அதை இடுக்கியால் பிடித்துக்கொண்டால் போகும், விட்டுவிட்டால் நிற்கும். அந்த வண்டிக்கு எத்தனை பிரேக் தெரியுமா? சக்கரத்துக்கு ஒன்று. தண்டவாளத்தின் மேல் அழுத்துகிற மரக்கட்டை ஒன்று. எதுவுமே பிடிக்காவிட்டால், தெருப் பிளவுக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்கிற இரும்பு ஆப்பு ஒன்று. ஆக மொத்தம் மூன்று!

'ஒன்று கைவிட்டால் இன்னொன்று' என்பதுதான் இந்த ஊர் சொல்லித்தரும் பாடம். அதை முழுசாகப் புரிந்துகொள்ள நான் பே பாலத்தைக் கடந்து ஓக்லண்ட் போகவேண்டியிருந்தது.

கூட்டிப் போனவன் என் மச்சினன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கீபோர்டைத் தட்டுவான். சனிக்கிழமையானால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான்.

"அத்தான், இன்னிக்கு ஹாட் ராடுக்கு ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டப் போறோம். வர்றீங்களா?"

கோல்டன் கேட் பாலத்தை விட்டுவிட்டு இதற்கா என்று கேட்காதீர்கள். பாலம் எங்கும் ஓடிப்போகாது. கார் ஓடிப்போகும். அதைத்தான் தடுக்கப் போகிறோம்!

அதென்ன ஹாட் ராட்? 1930-களில் கலிஃபோர்னியாவின் தென்பகுதியில், கையில் காசில்லாத, காலில் வேகமுள்ள பையன்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள், கனத்தைக் குறைத்தார்கள், எஞ்சினை நோண்டினார்கள். முரோக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் கொண்டுபோய் விரட்டினார்கள். வேகத்தை முறையாக அளக்க 1937-ல் ஒரு சங்கமே பிறந்தது. போர் முடிந்து திரும்பியவர்களால் மோகம் இன்னும் ஏறியது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது. இதே ஓக்லண்டில் 1950-ல் ஆரம்பித்த ரோட்ஸ்டர் கண்காட்சி இன்றைக்கும் நடக்கிறது. 2004-லிருந்து பொமோனாவில்.

இந்தக் கூட்டத்தின் சூப்பர் ஸ்டார், 1932-ம் வருஷத்து ஃபோர்டு. சாமானியன் வாங்குகிற விலையில் வி-8 எஞ்சினோடு வந்த கார். 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) படத்தில் மஞ்சளாக ஒன்று சீறிப் பாயுமே, அதேதான்.

பெரியவரின் கராஜில் நின்றதும் 1932 மாடல்தான். ஆனால், உடம்பு புதிதாகச் செய்தது. எஞ்சின் ஒரு ஷெவர்லேயில் இருந்து, பின் ஆக்ஸில் வேறொரு ஃபோர்டில் இருந்து, கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக். கல்யாணத்துக்கு இரவல் வாங்கின நகை மாதிரி ஆளுக்கொன்று! பெயின்ட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"எல்லாம் இருக்கு. ஹேண்ட் பிரேக் மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். 1932-ல் காலால் அழுத்துகிற பிரேக்கே இரும்புக் கம்பிகளால் இயங்கியது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939 மாடலில்தான். ஹேண்ட் பிரேக் லீவரும் அந்தப் பழைய கம்பிகளையே இழுத்தது. ஹாட் ராடில் ஆக்ஸிலும் பிரேக்கும் வேறு என்றால், அந்த லீவர் எதை இழுக்கும்? அம்போ! அதனால்தான் பல பேர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடைசி வருவதே இல்லை.

"கியரை 'பார்க்'ல போட்டா நிக்குமே?" என்றான் மச்சினன்.

நிற்கும். ஆனால், கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பல் போய் மாட்டிக்கொள்வதால் நிற்கிறது. ஃபில்பர்ட் தெருவில் ஆயிரம் கிலோ வண்டியை நிறுத்தினால் சுமார் 300 கிலோ விசை அதைக் கீழே இழுக்கும். அத்தனையையும் ஒற்றைப் பல் தாங்கவேண்டும். சரி, பிரேக் எண்ணெயை அழுத்திப் பூட்டிவைக்கிற வால்வு? ராத்திரி குளிரில் எண்ணெய் சுருங்கினாலோ, எங்காவது சொட்டினாலோ பிடி தளரும். இரவு பத்து மணிக்கு நின்ற கார் விடியற்காலையில் கிளம்பிவிடும், டிரைவர் இல்லாமலே.

கலிஃபோர்னியா சட்டம் இதில் தெளிவு. எந்தச் சரிவில் வண்டி ஓடுகிறதோ அந்தச் சரிவில் பார்க்கிங் பிரேக் அதை நிறுத்திவைக்க வேண்டும். கால் பிரேக்கின் குழாயில் கோளாறு வந்தால்கூட வண்டி பிரேக்கே இல்லாமல் போய்விடக் கூடாது. எண்ணெயை நம்பாத கம்பி எதற்கென்று இப்போது புரிகிறதா?

வேலை ஆரம்பித்தது. சாமான் ரொம்ப இல்லை. ஒரு லீவர், முன்னால் ஒரு கேபிள், பின்னால் இரண்டு கேபிள், நடுவில் ஒரு சமன் கட்டை. இந்தக் கட்டைதான் வீட்டுப் பெரிய மனுஷி. முன் கேபிள் இழுக்கிற இழுப்பை இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் சரிபாதியாகப் பங்குவைக்கும். இது இல்லாவிட்டால் ஒரு சக்கரம் உழைக்கும், இன்னொன்று வேடிக்கை பார்க்கும். எந்த ஆபீஸிலும் நடப்பதுதானே!

பின் கேபிளின் நுனி டிரம்முக்குள் போய் ஒரு சின்ன லீவரைக் கொக்கி போட்டு இழுக்கிறது. அது இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. மேலே லீவரில் கொஞ்சம், டிரம்முக்குள் கொஞ்சம் என்று நம் கைபலம் இரண்டு இடத்தில் பெருகுகிறது. அதனால்தான் ஒற்றைக் கையால் ஒரு காரையே பிடித்து நிறுத்த முடிகிறது.

"முதல்ல கேபிளைத் தொடாதே. ஷூவைச் சரி பண்ணு" என்றார் பெரியவர். டிரம்முக்குள் இருக்கிற பல் சக்கரத்தைத் திருகி, ஷூ டிரம்மை லேசாக உரசுகிற வரைக்கும் கொண்டுவந்தார். ஷூ தொளதொளவென்று இருக்கும்போதே கேபிளை இறுக்கி ஈடுகட்டினால், ஷூ முழுசாகத் திரும்பி வராது. உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், லைனிங் கருகும்.

அடுத்தது அளவு. கேபிள் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும். வெட்டுவது நம் பொறுப்பு. வண்டியை ஜாக்கில் தூக்கிவைத்து அளக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, எடை முழுக்க இறங்கின நிலையில் அளக்கவேண்டும். பள்ளத்தில் விழுந்து எழும்போது ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும். அதற்கும் கேபிளில் இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டும் குழியும் உங்களுக்காக ஹேண்ட் பிரேக் போடும்!

பாதையும் முக்கியம். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் போனால் உள்உறை உருகும். சுழல்கிற ஷாஃப்டில் பட்டால் அறுந்துவிடும். முறுக்கி ஒடித்தால் உள்ளே கம்பி சிக்கும். வளைவெல்லாம் நிதானமாக, அங்கங்கே கிளாம்ப் போட்டு, சேஸிஸை ஒட்டியே போகவேண்டும்.

வெட்டுவதில் ஒரு ரகசியம் உண்டு. உள்கம்பியை வெளியே உருவிவிட்டு உறையை வெட்டினார். அப்புறம் கம்பியில் வெட்டும் இடத்தைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டினார். இல்லாவிட்டால் நுனி, தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி பிரிந்துவிடும். அப்புறம் உறைக்குள் நுழையவே நுழையாது. கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பால்பாயின்ட் பேனா ரீஃபில் தடிமன்தான் இருந்தது!

மாலை நாலு மணி. பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி லீவரை இழுத்தார்கள். இரண்டும் அசையவில்லை. விட்டார்கள். ஸ்பிரிங் கேபிளைப் பின்னுக்கு இழுக்க, இரண்டும் தாராளமாகச் சுற்றின. மச்சினன் கை தட்டினான். பெரியவர் தட்டவில்லை.

"ஸ்டாண்ட்ல நிக்கறது பெரிசில்லே" என்று சொல்லி வாசலைக் காட்டினார். கராஜிலிருந்து தெருவரைக்கும் செங்குத்தாக இறங்குகிற சிமென்ட் பாதை. அதன் கீழ்முனையில் கிடந்தது ஒரு மூணு சக்கர சைக்கிள். பேத்தியுடையது.

அத்தனை நேரம் அவர் ஏன் அங்குலம் அங்குலமாக அளந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் காரியமாகக் குழந்தையையும் சைக்கிளையும் வீட்டுக்குள் அனுப்பினார். காரைச் சரிவில் இறக்கி, கால் பிரேக்கில் நிறுத்தி, சக்கரங்களுக்கு நாலு அங்குலம் கீழே மரக்கட்டை வைக்கச் சொன்னார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். லீவரை இழுத்தார். காலை மெதுவாக எடுத்தார்.

கார் லேசாக முனகியது. ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது.

ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. கார் நின்றுகொண்டே இருந்தது. பெரியவர் இறங்கினார். புதுக் கேபிள் முதல் இழுப்பில் கொஞ்சம் இடம் கொடுக்குமாம். மறுபடி படுத்து நட்டை அரைச் சுற்று இறுக்கினார். சக்கரங்கள் தாராளமாகச் சுற்றுகிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ரவுண்டு போகலாமா?" என்று கேட்டான்.

"அடுத்த வாரம்" என்றார் பெரியவர், கையைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்குத்தான் நிக்கக் கத்துக்கிட்டிருக்கு. ஓடறதுக்கு என்ன அவசரம்?"